அரைப் பென்னி அட்டையில் ஒரு முகவரி

இங்கிலாந்தின் பழம்பொருள் கடைகளில் நூறாண்டுக்கு முந்தைய விடுமுறை அஞ்சலட்டைகள் இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் கடற்கரையின் படம். மறுபக்கம் அரைப் பென்னி தபால்தலை, அதன்மேல் முத்திரை, ஒரு முகவரி, அதை ஒட்டி நான்கைந்து வரிச் செய்தி. செய்தியின் கீழே எழுதியவரின் முதற்பெயர் மட்டும் இருக்கும். சில அட்டைகளில் ஓர் எழுத்தோடு நின்றுவிடும். இதை எழுதியது யார், பெற்றது யார், பின்னர் அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேட விரும்புகிறவர் இயல்பாகச் செய்தியைத்தான் முதலில் படிப்பார். அங்கே ஏமாற்றமே மிஞ்சும். நலமாக வந்து சேர்ந்தோம், வெயில் நன்றாக இருக்கிறது, சனிக்கிழமை திரும்புகிறோம் என்பதற்கு மேல் பெரும்பாலான அட்டைகள் எதுவும் சொல்வதில்லை. தேடலுக்கு வழி திறப்பது வலப்பக்கத்தில் இருக்கும் முகவரி. முழுப்பெயர், வீட்டு எண், தெரு, ஊர் என்று எழுதப்பட்டிருப்பது பெறுநருக்கு மட்டுமே என்பதால், விடுமுறை அட்டை முதலில் காட்டிக்கொடுப்பது விடுமுறைக்குப் போனவரை அல்ல, வீட்டில் இருந்தவரை.

இந்த அட்டைகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்க அஞ்சலட்டையை முதலில் வெளியிட்டது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு, ஆண்டு 1869. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் அரைப் பென்னிக்கு அட்டையைக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் காலணா கார்டு என்று சொல்லும் அட்டை 1879 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. தனியார் அச்சிட்ட பட அட்டைகளை அனுப்ப பிரிட்டனில் 1894-இல்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் ஒரு பக்கம் முழுவதையும் முகவரிக்கே விட வேண்டியிருந்ததால், எழுதுகிறவர்கள் படத்தின் ஓரங்களில் எழுத்தைத் திணித்தார்கள். 1902-இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை பின்பக்கத்தை நடுக்கோட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதலாம் என்று விதியை மாற்றியது. பிறகு எழுதப்பட்டவை வெள்ளமாகப் பெருகின. 1901 முதல் 1910 வரையிலான பத்தாண்டில் மட்டும் ஏறத்தாழ 600 கோடி அட்டைகள் பிரிட்டிஷ் அஞ்சலில் பயணம் செய்திருக்கும் என்பது லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இந்த அட்டைகளை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. கடிதத்துக்கு ஒரு பென்னி. அட்டைக்கு அதில் பாதி. நகரங்களில் ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடந்ததால், காலையில் எழுதிய அட்டை அன்றைக்கே போய்ச் சேர்வதும் வழக்கமாக இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்கள், சமையற்காரப் பெண்கள், கடைச் சிப்பந்திகள் போன்றோர் தங்கள் கையால் எழுதி, இன்றுவரை தப்பிப் பிழைத்த எழுத்து இருக்கிறதென்றால், பெரும்பகுதி இந்த அட்டைகளில்தான் இருக்கிறது. அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதைப் பேணிவைக்க ஆவணக்காப்பகம் எதுவும் முன்வந்திருக்காது.

தேடலின் முறையை விளக்க, 1911 கோடையில் வடமேற்கு இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையிலிருந்து அனுப்பப்பட்ட அட்டைகளை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணங்கள் உண்டு. இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் இரவு நடந்தது. ஆகஸ்டில் அட்டையைப் பெற்றவர் நான்கு மாதத்துக்கு முன் எந்த வீட்டில், யாருடன், என்ன வேலை செய்துகொண்டு இருந்தார் என்பதை அந்தப் பதிவு சொல்லிவிடும். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டார் தந்த விவரங்களை அலுவலர் ஒரு பேரேட்டில் படியெடுத்து எழுதுவார். பேரேடு மட்டுமே எஞ்சியது. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவங்களே பாதுகாக்கப்பட்டது 1911-இல்தான். எனவே அட்டையை எழுதியவர் ஒரு குடும்பத் தலைவர் என்று சந்தேகம் எழுந்தால், அட்டையின் எழுத்தையும் படிவத்தின் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாதாரண மனிதர்களைத் தேடுகிறவருக்கு இப்படியொரு வாய்ப்பு மிக அரிதாகவே கிடைக்கும்.

முதலில் அட்டையின் காலத்தை உறுதி செய்ய வேண்டும். முத்திரை தெளிவாக இருந்தால் நாளும் நேரமும்கூடத் தெரியும். மங்கியிருந்தால் தபால்தலை உதவும். ஏழாம் எட்வர்டின் தலை இருந்தால் 1902 அல்லது அதற்குப் பிறகு. ஐந்தாம் ஜார்ஜின் தலை இருந்தால் 1911 ஜூன் 22-க்குப் பிறகு, ஏனெனில் அவர் முடிசூடிய அந்த நாளில்தான் அந்தத் தலைகள் வெளியாயின. உள்நாட்டு அட்டைக்கு அரைப் பென்னி போதும் என்ற நிலை 1918 ஜூனில் முடிந்து கட்டணம் ஒரு பென்னி ஆனது. படத்தை நம்பிக் காலம் குறிப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பிளாக்பூல் படத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் ராட்டினச் சக்கரம் தெரிந்தால், அந்தச் சக்கரம் 1896 முதல் 1928 வரை அங்கே நின்றது என்பதால் படம் அந்த இடைவெளியைச் சேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் கடைக்காரர்கள் பழைய படங்களைப் பல ஆண்டுகள் விற்றார்கள். 1903-இல் எடுத்த படம் 1911-இல் தபாலில் போனதில் வியப்பில்லை. டண்டீ நகரின் வாலண்டைன் நிறுவனம் தன் அட்டைகளுக்கு வரிசை எண் இட்டது. அதன் படத்தொகுப்பு இன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருப்பதால், எண்ணைக் கொண்டு படத்தின் வயதை ஓரளவு அறிய முடியும். அட்டைகள் வெளியிட்ட மற்றொரு பெரிய நிறுவனமான ரஃபேல் டக்கின் லண்டன் தலைமையகமோ 1940 டிசம்பர் 29-ஆம் நாள் குண்டுவீச்சில் அழிந்தது; அதன் பதிவேடுகளும் அதோடு போயின.

காலம் உறுதியானபின் முத்திரையின் ஊரையும் தேதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிளாக்பூல் இருந்த லங்காஷயர் மாவட்டத்தின் பஞ்சாலை நகரங்களில் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் ஒரு வாரம் ஆலைகள் மொத்தமாக மூடப்படும். வேக்ஸ் வாரம் என்பது அதன் பெயர். பர்ன்லிக்கு ஜூலை, ஓல்டமுக்கு ஆகஸ்ட் கடைசி என்று ஊருக்கு ஊர் வாரம் மாறும். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாரச்சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் ஊரே ரயிலேறி பிளாக்பூலுக்குப் போகும். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே வந்தவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர். அறையை வாடகைக்கு எடுத்து, அரிசி பருப்பு வாங்குவதுபோல் ரொட்டியும் இறைச்சியும் தாங்களே வாங்கிக் கொடுக்க, விடுதிக்காரம்மா சமைத்துத் தருவார். உப்பு, மிளகுத்தூள் வைத்த குப்பிகளுக்குத் தனிக் கட்டணம். ஓல்டம் ஆலைகள் மூடிய வாரத்தில் பிளாக்பூல் முத்திரையோடு ஓல்டம் முகவரிக்கு ஓர் அட்டை போயிருந்தால், எழுதியவரும் அதே ஊரைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. ஊரே கிளம்பிப் போன வாரத்தில் வீட்டில் இருந்து அட்டையைப் பெற்றவர் ஏன் போகவில்லை என்ற கேள்வியும் கூடவே எழும். முதுமையா, கைக்குழந்தையா, நோயா, சீட்டுப் பணம் கட்ட முடியாத நிலையா என்பதைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தேடிப் பார்க்கலாம். விடுமுறையைப் பற்றிய அட்டை வறுமையைப் பற்றிய ஆவணமாக மாறும் இடம் இதுதான்.

அந்தப் படிவம் கேட்ட கேள்விகள் கடுமையானவை. மணமான ஒவ்வொரு பெண்ணும் திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று சொல்ல வேண்டியிருந்தது. 1911-இல்தான் இந்தக் கேள்விகள் முதன்முறையாக இங்கிலாந்தில் கேட்கப்பட்டன. கைம்பெண்கள் இவற்றுக்குப் பதில் எழுதத் தேவையில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். அலுவலர்கள் அந்த எண்களைக் கோடிட்டு அடித்தார்கள். அடித்த கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் தெரிகின்றன. கேட்காத இடத்திலும் இறந்த பிள்ளைகளை எண்ணிச் சொன்ன அந்தத் தாய்களில் ஒருத்திக்குத்தான், கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று எழுதிய அட்டை போய்ச் சேர்ந்திருக்கும். படிவத்தின் கடைசிப் பத்தி செவிடு, குருடு, மனநோய், மனவளர்ச்சிக் குறை என்று உடல் மனக் குறைகளைக் கேட்டது. 2009-இல் இந்தக் கணக்கெடுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்தப் பத்தியை மட்டும் மறைத்துவைத்து, நூறாண்டு முடிந்தபின் 2012-இல்தான் காட்டினார்கள்.

அட்டைகளைப் பெற்றவர்களில் வீட்டுப் பணிப்பெண்கள் ஏராளம். 1911-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே தங்கியவர்கள். அதனால் அவர்கள் பெயருக்குக் கீழே முதலாளியின் பெயரோ அந்த மாளிகையின் பெயரோ முகவரியாக வரும். கணக்கெடுப்பில் அவர்களைத் தேடினால் முதலாளியின் குடும்பத்துக்கு அடியில், வேலைக்காரி என்ற சொல்லோடு கிடைப்பார்கள். படிவத்தை நிரப்பியவர் முதலாளி என்பதால் வயதும் பிறந்த ஊரும் அவர் கேள்விப்பட்டபடி இருக்கும். சில நேரங்களில் தவறாகவும் இருக்கும். தங்கை அனுப்பிய அட்டையும் முதலாளியின் படிவமும் ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகின்றன. முன்னதில் அவள் செல்லப்பெயரால் அழைக்கப்படுகிறாள். பின்னதில் வீட்டுப் பொருள்களின் கணக்கைப் போல் ஒரு வரியாக நிற்கிறாள். நான் முதலில் நம்புவது தங்கையின் அட்டையைத்தான்.

கணக்கெடுப்பில் பெயர் கிடைக்காவிட்டால் அந்த ஆள் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. வாக்குரிமை கேட்ட பெண்கள் பலர் அன்றிரவு கணக்கெடுப்பைப் புறக்கணித்து வீட்டைவிட்டு வெளியே தங்கினார்கள். எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓர் அறைக்குள் ஒளிந்திருந்தது நன்கு அறியப்பட்ட செய்தி. தெருக்களின் பெயர்களும் வீட்டு எண்களும்கூடப் பிற்காலத்தில் மாறியிருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய நில அளவை வரைபடங்களும், லெஸ்டர் பல்கலைக்கழகம் எண்ணிமமாக்கிய கெல்லி போன்ற பழைய முகவரிக் கையேடுகளும் இங்கே துணை செய்யும். படத்தில் தெரியும் விடுதியின் ஒரு சன்னலுக்கு மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, இதுதான் எங்கள் அறை என்று எழுதுவது அக்காலப் பழக்கம். அந்தக் குறியையும் கையேட்டையும் இணைத்தால் சமைத்துக் கொடுத்த விடுதிக்காரம்மாவின் பெயர்கூடக் கிடைத்துவிடும்.

எழுதியவரைக் கண்டுபிடிப்பதே உண்மையில் கடினம். முதற்பெயர் மட்டும் வைத்துக்கொண்டு பெறுநரின் குடும்பத்தில் அந்தப் பெயருள்ளவரைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கே தமிழ் வாசகருக்கு ஒன்று உடனே உறுத்தும். நம் கடிதத்தில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று எழுதிவிட்டால் உறவு தந்தை வழியா தாய் வழியா, மூத்தவரா இளையவரா என்பது பெரும்பாலும் அந்தச் சொல்லிலேயே முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லோரும் ஆன்ட். பக்கத்து வீட்டுக்காரரையும் தாயின் தோழியையும்கூட அப்படியே அழைத்தார்கள். ஆகவே அந்தச் சொல்லை நம்பிக் குடும்ப மரம் வரையத் தொடங்குவது ஆபத்து. லங்காஷயரில் ஒரே பெயருடைய பெண்கள் ஒரே தெருவில் இரண்டு பேர் இருப்பதும் சாதாரணம். பெயர், முகவரி, கையெழுத்து, தேதி ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒன்றையொன்று சாராமல் ஒத்துப்போகாத வரை இவர்தான் அவர் என்று எழுதுவது நேர்மையாகாது என்பது என் கருத்து. பொருந்திவிட்டால் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. அதனாலேயே அவசரப்பட்டுப் பொருத்திவிடும் ஆசையும் பெரிது.

சில சமயம் செய்தியே உதவிக்கு வரும். 1911 ஆகஸ்ட் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் வெப்பம் 36.7 பாகை செல்சியஸைத் தொட்டது. 1990 வரை அந்த அளவு முறியடிக்கப்படவில்லை. அதே மாதம் 17-ஆம் நாள் நாடு தழுவிய முதல் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி 19-ஆம் நாள் இரவு முடிந்தது. தாங்க முடியாத வெயில் என்றோ, ரயில் ஓடுமா என்று தெரியவில்லை என்றோ எழுதப்பட்ட வரி, வெறும் சம்பிரதாயமாகத் தோன்றினாலும், முத்திரை அழிந்த அட்டைக்குத் தேதி சொல்லிவிடக்கூடும். திரும்பும் நாள் குறித்த கவலைக்கும் காரணம் இருந்தது. கூலியில்லாத விடுமுறையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் செலவும் இழப்பும் இரட்டையாகும். விடுமுறைக்குச் சம்பளம் தருவதைப் பற்றிய சட்டம் 1938-இல்தான் வந்தது. தபால்காரரும் விடுதிக்காரம்மாவும் படித்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படி எழுத்தைத் திருப்பி எழுதினார்கள். பிட்மன் சுருக்கெழுத்திலும் எழுதினார்கள். அத்தகைய அட்டைகளைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் காதல்தான்.

அட்டைக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தொடர்வதிலும் 1911 கைகொடுக்கிறது. பெண்களைத் தேடும்போது திருமணத்தோடு தடம் அறுந்துவிடுவது வழக்கம்; குடும்பப்பெயர் மாறிவிடும். ஆனால் அந்த ஆண்டு ஜூலை முதல் பிறப்புப் பதிவுகளின் அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் சேர்க்கப்பட்டது. 1912 தொடக்கம் முதல் திருமண அட்டவணையில் துணைவரின் குடும்பப்பெயரும் சேர்ந்தது. ஆகவே 1911-இல் மணமாகாமல் அட்டை பெற்ற பெண்ணை அதன் பிறகும் தொடர்ந்து போக முடிகிறது.

அட்டையைப் பெற்றவர் இளைஞர் என்றால் மூன்றே ஆண்டில் முதல் உலகப்போர். அந்தப் போரில் இருந்த வீரர்களின் பணிப் பதிவேடுகள் லண்டனில் இருந்த கிடங்கொன்றில் 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து எரிந்தன. ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெற்றோரின் பெயரும் முகவரியும் பல இடங்களில் உண்டு. அட்டையில் இருந்த அதே கதவிலக்கத்தை அந்தப் பதிவில் காண நேர்வது இந்தத் தேடலின் மிகத் துயரமான கணம்.

1921 கணக்கெடுப்பு ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தால் ஜூன் 19-க்குத் தள்ளிப்போனது. அதனால் விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் கடற்கரை ஊர்களிலேயே எண்ணப்பட்டு, அந்த ஊர்களின் மக்கள்தொகை ஊதிப்போயிற்று. அட்டைகளைத் தேடுகிறவருக்கோ இது ஒரு கொடை. விடுதிக்காரம்மாவும் அவருடைய விருந்தினர்களும் ஒரே தாளில் கிடைக்கிறார்கள். இந்தக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1931 கணக்கெடுப்பு 1942 டிசம்பரில் தீயில் அழிந்தது. 1941-இல் போரினால் எடுக்கவே இல்லை. இந்தப் பெரிய இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29-ஆம் நாள் எடுத்த தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதி முழுமையாக உண்டு. பின்னாளில் தேசியச் சுகாதாரச் சேவையும் அதையே பயன்படுத்தியதால், பெண்கள் மணமாகிப் பெயர் மாறியபோதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை மேலே எழுதி வைத்தார்கள். 1991 வரை இந்தத் திருத்தங்கள் நடந்தன. 1911-இல் அட்டை பெற்ற குடும்பத்தின் சிறுமி 1939-இல் யாராக இருந்தாள், பிறகு யாரானாள் என்பதை ஒரே வரியில் காண முடிகிறது.

இவ்வளவு பதிவுகளும் ஒரு நாட்டின் ஒரு காலத்துக்கே வாய்த்தவை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் மதராஸில் வீலே அண்ட் கிளைன் போன்ற நிறுவனங்கள் ஊட்டியின் படங்களையும், வண்ணார், நாவிதர், ஆயா என்று தொழிலையே தலைப்பாக வைத்த மனிதர்களின் படங்களையும் அட்டைகளாக விற்றன. கோடைக்கு உதகை போன ஆங்கிலேயர் தாய்நாட்டுக்கு அனுப்பிய அட்டையில், அனுப்பியவரை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் திருச்சபைப் பதிவுகளிலும், பெற்றவரை இங்கிலாந்துக் கணக்கெடுப்பிலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். முன்பக்கத்தில் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஆயாவுக்குப் பெயரே எழுதப்படவில்லை. இந்தியக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் திறக்கப்படுவதும் இல்லை. அட்டையின் இரு முனைகளிலும் இருப்பவர்களுக்கு வரலாறு கிடைக்க, படத்தில் இருப்பவருக்குத் தொழில் மட்டும் கிடைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

கண்டுபிடித்ததை வெளியிடுவதிலும் நிதானம் வேண்டும். மணமாகாத தாய், ஏழையர் விடுதி, மனநோய் இல்லம் என்று குடும்பங்கள் மூடிவைத்தவை பல இந்தப் பதிவுகளில் வெளிப்படும். பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கக்கூடும். அவர்களைத் தேடி எழுதுகிறவர் முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், அட்டை கையில் இருக்கிறது, வேண்டுமா என்று மட்டும் கேட்பது முறை.

அட்டைகள் பிழைத்திருப்பதற்குக் காரணம், பெற்றவர்கள் அவற்றை ஆல்பத்தில் செருகிப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அவர்கள் இறந்து வீடு காலியாகும்போது ஆல்பம் வியாபாரியிடம் போகிறது. வாங்குகிறவர்கள் தங்கள் ஊர்ப் படத்தைத் தேடி வருவதால், வியாபாரி ஆல்பத்தைப் பிரித்து அட்டைகளை ஊர்வாரியாக அடுக்குகிறார். ஒரே பணிப்பெண்ணுக்கு வந்த அட்டைகள் பிளாக்பூல் பெட்டியில் ஒன்று, ஸ்கார்பரோ பெட்டியில் ஒன்று, லாண்டட்னோ பெட்டியில் ஒன்று என்று சிதறிப்போகின்றன. இந்தத் தேடலில் ஆழ்ந்தவர்கள் கடையில் நிற்கும் விதத்திலேயே அடையாளம் தெரியும். அவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, அதே பெயரும் அதே முகவரியும் மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள்.